கில்டால் ஆசிரியரும் சிறு வியாபாரியின் கணிப்பொறியும்

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க தேசத்தில் கணிப்பொறி என்பது பெரிய பாங்குகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் சர்க்கார் இலாகாக்களும் சர்வகலாசாலைகளும் மாத்திரமே வைத்துப் பராமரிக்கக்கூடிய ஒரு வைபவமாக இருந்தது. குளிரூட்டிய தனி மண்டபமும், இரவு பகலாக முறை வைத்து அதைக் கவனிக்கும் சிப்பந்திகளும், மாதந்தோறும் தவறாமல் கட்டவேண்டிய பெருந்தொகை வாடகையும் இல்லாதவர்கள் அதன் பக்கம் போக முடியாது. இருபது ஆட்களை வைத்துத் தொழில் நடத்தும் மரக்கடைக்காரரும், தனியாக வைத்தியசாலை நடத்தும் பல் வைத்தியரும் தங்கள் பேரேட்டையும் சம்பளப் பட்டியலையும் குமாஸ்தாவைக்கொண்டு கையால் எழுதி வந்தார்கள். பத்து வருஷம் கழிவதற்குள் அதே மரக்கடையில், அதே குமாஸ்தாவின் மேஜைமேல், ஒரு திரையும் விசைப்பலகையும் வந்து அமர்ந்துவிட்டன. இந்தப் பெரிய மாறுதலுக்குக் காரணம், நகத்தளவு சிலிக்கான் சில்லில் கணிப்பொறியின் மூளையை அடக்கிய பொறியியல் வல்லுநர்களே என்று சொல்லிவிடுவது வழக்கம். அவர்களுடைய பெருமையைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. என்றாலும் சில்லு மாத்திரம் கணக்கு எழுதிவிடாது. அந்தச் சில்லைச் சுற்றி வெவ்வேறு உற்பத்தியாளர்கள் வெவ்வேறு விதமாகக் கட்டிய நூற்றுக்கணக்கான யந்திரங்களில் எல்லாம் ஒரே கணக்கு நிரல் ஓடும்படி யாராவது வழி செய்ய வேண்டியிருந்தது. அந்த வழியைச் செய்தது சி.பி./எம். என்னும் இயங்குதளம், அதை எழுதியவர், கடற்படை அதிகாரிகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த காரி கில்டால் என்ற ஆசிரியர்.

கில்டால் 1942-ல் ஸியாட்டில் நகரத்தில் பிறந்தவர். பாட்டனார் காலத்திலிருந்தே அவருடைய குடும்பம் மாலுமிகளுக்குக் கப்பல் செலுத்தும் சாஸ்திரத்தைக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்திவந்தது. வாலிபத்தில் அவரும் அங்கே கொஞ்சகாலம் பாடம் சொல்லியிருக்கிறார். கணித ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணத்தோடு வாஷிங்டன் சர்வகலாசாலையில் சேர்ந்தவரைக் கணிப்பொறி சாஸ்திரம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. வியத்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயமாகையால் ராணுவ சேவையிலிருந்து விலகி நிற்க முடியவில்லை. கடற்படையில் சேர்ந்தவருக்குக் கலிபோர்னியாவில் மாண்டரே நகரத்திலுள்ள கடற்படையின் மேற்படிப்புக் கல்லூரியில் ஆசிரியர் உத்தியோகம் கிடைத்தது. 1972-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். இவ்வளவையும் விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பிற்காலத்தில் வர்த்தகத்தில் அவர் அடைந்த வெற்றிக்கும் தோல்விக்கும் அவருடைய ஆசிரிய சுபாவமே மூலம் என்பது என் அபிப்பிராயம்.

1971-ன் கடைசியில் இன்டெல் கம்பெனி 4004 என்னும் தன் முதல் நுண்செயலியை வெளியிட்டு, 25 டாலருக்கு ஒரு கணிப்பொறி என்ற தோரணையில் விளம்பரம் செய்தது. அந்த விளம்பரம் கில்டாலின் கண்ணில் பட்டது. சில்லின் விலை என்னவோ 25 டாலர்தான். ஆனால் அதை வேலை செய்ய வைப்பதற்கு வேண்டிய துணைக்கருவிகளின் விலை ஓர் இளம் ஆசிரியரின் சம்பளத்துக்குக் கட்டுப்படுவதாக இல்லை. ஆகவே அவர் கல்லூரியில் இருந்த பெரிய கணிப்பொறிக்கு உள்ளேயே 4004-ஐப்போல் அபிநயிக்கும் நிரல் ஒன்றை எழுதி, இல்லாத யந்திரத்தை இருப்பதாகப் பாவித்து அதில் பரீட்சைகள் செய்துபார்த்தார். இந்தக் காரியம் இன்டெல் கம்பெனிக்காரர்களின் கவனத்தைக் கவர்ந்தது. கல்லூரி வேலையை விடாமலே, வாரத்தில் ஒருநாள் மலைப்பாதையில் கார் ஓட்டிக்கொண்டு போய் அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் உத்தியோகத்தையும் ஏற்றுக்கொண்டார். அடுத்தடுத்து வந்த 8008, 8080 ஆகிய சில்லுகளுக்கு நிரல் எழுதுவதற்கென்று பி.எல்./எம். என்னும் மொழியை அவர் உண்டாக்கினார். இன்டெல் அதை விரும்பி ஏற்றுக்கொண்டு, தன் வாடிக்கைக்காரர்களுக்கு விற்றது.

அந்தக் காலத்துச் சிறு கணிப்பொறிகளில் ஒரு நிரலை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும் சங்கடம். துளையிட்ட காகித நாடாவை டெலிடைப் யந்திரம் கடகடவென்று ஓசையிட்டுக்கொண்டு வரி வரியாக வாசிக்கும். நீளமான நிரலானால் அது முடிவதற்குள் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். நடுவில் நாடா கிழிந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐ.பி.எம். கம்பெனி பெரிய யந்திரங்களின் உபயோகத்துக்காகக் கண்டுபிடித்திருந்த ஃப்ளாப்பி என்னும் காந்தத்தட்டு இந்தச் சங்கடத்துக்கு மருந்தாகும் என்பதைக் கில்டால் கண்டுகொண்டார். தட்டைச் சுழற்றி வாசிக்கும் டிரைவ் ஒன்றை ஷூகார்ட் கம்பெனியிடம் கேட்டுப் பெற்றார். அது பத்தாயிரம் மணி நேரம் ஓடவிட்டுப் பரீட்சை செய்து தேய்ந்துபோன பழைய சாமான். நிரல் எழுதுவதில் நிபுணரான அவருக்கு, அந்த டிரைவைக் கணிப்பொறியோடு இணைக்கும் மின்சுற்றைக் கட்டும் வித்தை கைவரவில்லை. டிரைவ் வெகுநாள் சும்மா கிடந்தது. கடைசியில் சர்வகலாசாலைச் சிநேகிதரான ஜான் டோரோடு என்பவர் உதவிக்கு வந்து, கம்பிகளைச் சுற்றிச் சுற்றி ஒரு பலகையை அமைத்துக் கொடுத்தார். 1974-ன் இலையுதிர் காலத்தில், மாண்டரேயை அடுத்த பஸிபிக் குரோவ் என்னும் சிற்றூரில், கில்டால் வீட்டுக் கொல்லையிலிருந்த கொட்டகையில், காகித நாடாவின் வழியே ஏற்றிய அந்த நிரல் தட்டைப் படித்து, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் குறியை டெலிடைப்பில் அச்சடித்து நின்றது. பஸிபிக் குரோவ், குளிர்காலத்தில் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வந்து தங்குவதற்குப் பேர்போன ஊர். கணிப்பொறித் தொழிலுக்கும் அதற்கும் அதுவரையில் யாதொரு சம்பந்தமும் இருந்ததில்லை.

இதே காலத்தில் நடந்த ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒருவர், நாணயத்தைப் போட்டுவிட்டுப் பிறந்த தேதியைத் திருகிவைத்தால் ஜாதக பலனைக் காகிதத்தில் அச்சடித்துத் தரும் யந்திரம் ஒன்றைக் கடைத்தெருக்களில் வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்கு வேண்டிய நிரலை எழுதிக்கொடுத்தவர் நம் கில்டால். கிரக சஞ்சாரத்தைக் கணிப்பது கப்பல் சாஸ்திரப் பரம்பரையில் வந்தவருக்குச் சிரமமான விஷயமாக இருந்திராது. யந்திரம் வியாபாரத்தில் தேறவில்லை. ஆனாலும் கட்டளையை வாசிக்கும் பகுதி, எழுத்துக்களைத் திருத்தும் பகுதி முதலான துணை நிரல்களுக்கு அந்த ஜோஸ்ய யந்திரமே பரீட்சைக் களமாயிற்று. பஞ்சாங்கத்துக்கும் கணிதத்துக்கும் உள்ள பழைய உறவை அறிந்த நமக்கு, வர்த்தகக் கணிப்பொறியின் சரித்திரம் ஜாதகத்தைத் தொட்டுக்கொண்டு தொடங்குவது அப்படியொன்றும் விசித்திரமாகத் தோன்றாது.

இயங்குதளம் என்பது என்ன காரியம் செய்கிறது என்பதைச் சி.பி./எம்-ஐ வைத்துப் பார்ப்பதுபோல் வேறு எதையும் வைத்துப் பார்க்க முடியாது. ஏனெனில் அது அவ்வளவு சிறியது. எட்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் 77 வட்டத் தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 26 அறைகள். ஒவ்வோர் அறையிலும் 128 எழுத்துக்கள். ஆக மொத்தம் 2,56,256 எழுத்துக்கள் ஒரு தட்டில் அடங்கும். எந்த அறை காலி, எந்த அறை யாருக்கு உரியது என்பதை நிரல் எழுதுகிறவர் தாமே நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்வது என்றால் அவருக்கு வேறு எதற்கும் பொழுது இராது. அந்தப் பாரத்தை இயங்குதளம் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயருக்குரிய கோப்பை எடுத்துக் கொடுத்தது. பெயருக்கு எட்டு எழுத்து, இன்ன வகைக் கோப்பு என்பதைக் காட்ட மூன்று எழுத்து. தட்டின் முகப்பில் உள்ள பட்டியலில் 64 வரிகள். ஐ.பி.எம். பாணியில் தயாராகிக் கடைக்கு வரும் புதிய தட்டுகளில் எல்லா இடத்திலும் பதினாறடிமான எண்களில் 'ஈ5' என்று எழுதப்படும் ஒரே மதிப்பு நிரப்பப்பட்டிருக்கும். பட்டியலில் ஒரு வரி காலியாக இருக்கிறது என்பதற்கு அந்த மதிப்பையே கில்டால் அடையாளமாக வைத்துவிட்டார். அதனால் கடையில் வாங்கிவந்த தட்டு எந்த முன்னேற்பாடும் இல்லாமலே காலித்தட்டாகத் தோன்றியது. பிற்பாடு ஒரு கோப்பை அழிக்க வேண்டுமானாலும் அதற்குரிய வரியின் முதலில் அதே மதிப்பைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. இத்தகைய சிக்கனம் அதன் ஒவ்வோர் அங்கத்திலும் உண்டு. பிற்காலத்தில் உலகமெங்கும் பரவிய 2.2 என்னும் பதிப்பில், கட்டளையை வாசிக்கும் பகுதிக்கு 2,048 பைட்டுகளும் தட்டை நிர்வகிக்கும் பகுதிக்கு 3,584 பைட்டுகளும் போதுமானவையாக இருந்தன. இரண்டையும் சேர்த்தாலும், இன்று ஒருவர் மற்றொருவருக்குக் கைப்பேசியில் அனுப்பும் புகைப்படத்தின் ஒரு மூலைக்குக் காணாது.

இன்டெல் கம்பெனி பி.எல்./எம். மொழியை வாங்கிக்கொண்டதே தவிர, சி.பி./எம்-ஐ வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தனக்கென்று வேறொன்றை அது எழுதிக்கொண்டது. கில்டாலும் அவருடைய மனைவி டாரதி மெக்யூவனும் சேர்ந்து தாமே அதை விற்கத் துணிந்தார்கள். கம்பெனிக்கு இன்டர்காலக்டிக் டிஜிட்டல் ரிஸர்ச் என்று நட்சத்திர மண்டலங்களையெல்லாம் வளைத்துப் பிடிக்கும் ஒரு பெயரைச் சூட்டினார்கள். நல்லவேளையாக முதல் வார்த்தை பின்னால் உதிர்ந்துபோயிற்று. வீட்டு அறையிலேயே தபால் ஆர்டர்களைப் பிரித்து, தட்டுகளைப் பிரதி செய்து, உறையிலிட்டு அனுப்புவது டாரதியின் பொறுப்பு. புருஷனும் பெண்சாதியும் நடத்தும் பெட்டிக்கடை என்று யாரும் இளப்பமாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, வியாபாரத்தில் அவர் தம் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டார். 1976-ல் 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' என்னும் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. முதன்முதலில் உரிமம் வாங்கிய கம்பெனிகளில் ஒன்றான நாட் என்ற கம்பெனி, தான் தயாரிக்கும் எந்த யந்திரத்தோடும் சேர்த்து விற்றுக்கொள்ளும் உரிமையை 90 டாலருக்குப் பெற்றது. சில மாதங்களில் அதே உரிமைக்கு என்ன விலை ஏறியது என்பதைக் கண்டபோது, அந்தக் கம்பெனியின் அதிர்ஷ்டத்தைத் தொழிலில் உள்ளவர்கள் வெகுநாள் வியந்து பேசினார்கள்.

விலையை ஏற்றிய சம்பவத்தில்தான் இந்தச் சரித்திரத்தின் ஜீவநாடி இருக்கிறது. இம்ஸாய் என்னும் கம்பெனி தன் கணிப்பொறியோடு ஃப்ளாப்பி டிரைவ்களையும் விற்றுவந்தது. அவற்றை நடத்தும் இயங்குதளம் பின்னால் வரும் என்று வாடிக்கைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அந்த வாக்கைக் காப்பாற்ற வழி தெரியாமல் தவித்தது. கடற்படைக் கல்லூரியில் கில்டாலுக்கு அறிமுகமான கிளென் யூயிங் என்பவர் அப்போது அந்தக் கம்பெனிக்காக வேலை செய்துவந்தார். அவர் தம் ஆசிரியரை அணுகி, இம்ஸாய் டிரைவ்களுக்குத் தக்கபடி சி.பி./எம்-ஐ மாற்றித் தர வேண்டும் என்று கேட்டார். அதற்குமுன் இரண்டு மூன்று வகை யந்திரங்களுக்கு அப்படி மாற்றிக் கொடுத்துக் கில்டாலுக்கு அலுத்துப்போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் முழு நிரலையும் துழாவி, டிரைவைத் தொடும் வரிகளைத் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். இந்தத் தடவை அவர் வேறொன்று செய்தார். யந்திரத்துக்கு யந்திரம் வேறுபடும் வரிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்து, இயங்குதளத்தின் அடிப்பாகத்தில் தனிப் பகுதியாகச் சேர்த்து, அதற்குப் பயாஸ் என்று பெயரிட்டார். மேற்பாகம் எந்த யந்திரத்திலும் ஓர் எழுத்துக்கூட மாற வேண்டியதில்லை. ஒரு விசை தட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, ஓர் எழுத்தைத் திரைக்கு அனுப்புவது, இன்ன தடத்துக்குப் போ என்பது, இன்ன அறையைப் படி என்பது என்ற இப்படிப்பட்ட சில்லறைக் கட்டளைகளே இரண்டு பாகங்களுக்கும் நடுவே போக்குவரத்து, 2.2 பதிப்பில் இந்த வாயில்கள் மொத்தம் 17. கல்யாண வீடுகளுக்குப் போகும் தவசுப்பிள்ளை, அங்கங்கே உள்ள மண்ணையும் கல்லையும் வைத்துக் கோட்டை அடுப்பை மாத்திரம் புதிதாகக் கட்டிக்கொண்டு, கைப்பக்குவத்தில் அணுவளவும் மாறாமல் சாம்பாரைக் கொதிக்கவைப்பது போன்ற ஏற்பாடு இது. புதிதாக யந்திரம் கட்டுகிறவர் அந்த 17 சிறு நிரல்களைத் தம் யந்திரத்துக்குத் தக்கபடி எழுதிக்கொண்டால் போதும், அதுவரையில் சி.பி./எம்-க்காக உலகத்தில் யார் எழுதிய நிரலானாலும் அன்றைக்கே அதில் ஓடும்.

1977-ல் இம்ஸாய் கம்பெனி 25,000 டாலர் கொடுத்து உரிமம் பெற்றது. பேரத்தைப் பேசி முடித்தவர் அந்தக் கம்பெனியின் விற்பனை நிர்வாகியான ஸீமோர் ரூபின்ஸ்டைன். பயாஸ் ஏற்பாட்டின் முழுத் தாத்பரியத்தையும் முதலில் புரிந்துகொண்ட வியாபாரி அவரே என்று சொல்ல வேண்டும். 1978-ல் வேலையை விட்டு விலகி, மைக்ரோபுரோ என்னும் சொந்தக் கம்பெனியைத் தொடங்கி, இம்ஸாயில் தம்மோடு இருந்த ராப் பார்னபி என்ற நிரலாளரைக்கொண்டு வேர்ட்ஸ்டார் என்னும் எழுத்துச் செயலியை அவர் வெளியிட்டார். யந்திரம் செய்கிறவர்களைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் நிரலை மாத்திரம் செய்து விற்று ஒருவர் செல்வந்தராகலாம் என்பது அதற்குமுன் சிறு கணிப்பொறி உலகத்தில் நினைத்துப் பார்க்காத விஷயம். கலிபோர்னியாவில் விண்கலங்களை நடத்தும் ஆராய்ச்சிசாலை ஒன்றில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப், கால்பந்துப் பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்று கணிப்பதற்காக எழுதத் தொடங்கிய நிரல், டிபேஸ் என்ற பெயரில் வாடிக்கைக்காரர் பட்டியலும் சரக்கு இருப்பும் வைத்துக்கொள்ளும் சாதனமாக மாறியது. பேரேடு, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி, சம்பளம் என்று கணக்கு நிரல்கள் பல கம்பெனிகளிலிருந்து வந்து குவிந்தன. வியாபாரி முதலில் தமக்கு வேண்டிய நிரலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன்பிறகு அதை ஓட்டுவதற்கு மலிவாக எந்த யந்திரம் கிடைக்கிறது என்று விசாரிக்கும் காலம் பிறந்தது.

அந்த யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்த குமாஸ்தாவின் அன்றாட அனுபவத்தையும் சற்று அருகில் சென்று பார்ப்போம். அவருக்கு இரண்டு டிரைவ்கள்: 'ஏ' என்பதில் நிரல் தட்டு, 'பி' என்பதில் கணக்குத் தட்டு. திரையின் ஓரத்தில் 'ஏ' என்ற எழுத்தும் அதையடுத்து ஓர் அம்புக்குறியும் தோன்றி நிற்கும். அதற்குமேல் அது ஒரு வார்த்தை பேசாது. தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க ஒரு கட்டளை, அழிக்க ஒன்று, பெயர் மாற்ற ஒன்று, படித்துக்காட்ட ஒன்று. பிரதி எடுப்பதற்கு மாத்திரம் 'பிப்' என்று தனி நிரல். பழைய டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி யந்திரங்களின் பழக்கத்தைப் பின்பற்றிக் கில்டால் அமைத்த அதில், போய்ச் சேரவேண்டிய இடத்தை முதலிலும் புறப்படும் இடத்தைப் பின்னாலும் எழுத வேண்டும். இதை மறந்து தலைகீழாக எழுதி, புதிய கணக்கின்மேல் பழைய கணக்கைப் பிரதி செய்துவிடுவது சுலபமாக நேரக்கூடிய பிழை. கோப்பு என்றைக்கு எழுதப்பட்டது என்று 2.2 பதிப்பு குறித்துக்கொள்வதில்லையாதலால், தேதியைத் தட்டின் உறைமேல் பேனாவால் எழுதிவைக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடியது, தட்டை மாற்றும் விஷயம். 'பி' டிரைவில் உள்ள தட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டால், கண்ட்ரோல் விசையையும் 'ஸி' விசையையும் சேர்த்து அழுத்தி அந்தச் சமாசாரத்தை இயங்குதளத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; தெரிவிக்காமல் எழுத முற்பட்டால், பழைய தட்டின் பட்டியலை நினைவில் வைத்துக்கொண்டு புதிய தட்டைப் பாழாக்கிவிடுவோமோ என்று அது அஞ்சி, 'பி' டிரைவில் பிழை, படிக்க மாத்திரமே அனுமதி என்று ஒரு வரி அச்சடித்துவிட்டு, நடந்துகொண்டிருந்த நிரலைக் கைவிட்டுவிடும். அன்று காலையிலிருந்து தட்டிய கடிதம் நினைவகத்தோடு போய்விடும். தட்டைக் காப்பாற்றுவதற்காகக் கடிதத்தைப் பலி கொடுத்தது சாஸ்திரப்படி நியாயமே என்றாலும், கடிதத்தைப் பறிகொடுத்தவர் அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது வேறு விஷயம். நிரல் எழுதுகிறவர்களுக்காக ஒரு நிரலாளர் செய்த சாதனம் அது. குமாஸ்தாக்களின் கைக்குப் போகும் என்று அவர் அந்தக் கொட்டகையில் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

எட்டு அங்குலத் தட்டுகள் எல்லா யந்திரங்களுக்கும் பொதுவாக இருந்தன. ஐந்தேகால் அங்குலத் தட்டு வந்தபோது ஒவ்வோர் உற்பத்தியாளரும் தமக்கென்று ஓர் அமைப்பை வகுத்துக்கொண்டதால், ஒரே நிரலைப் பற்பல அமைப்புகளில் பிரதி செய்து விற்கும் தொல்லை நிரல் வியாபாரிகளுக்கு ஏற்பட்டது. பயாஸ் தீர்த்துவைத்த வேற்றுமை தட்டின் வழியாகத் திரும்பி வந்ததென்று சொல்லலாம்.

சி.பி./எம். யந்திரங்களில் மிகவும் பேர்பெற்றது, 1981 ஏப்ரலில் ஸான் பிரான்ஸிஸ்கோ கண்காட்சியில் ஆடம் ஆஸ்பார்ன் வெளியிட்ட ஆஸ்பார்ன்-1. கைப்பிடி வைத்த பெட்டி. பதினோரு கிலோ கனம். ஐந்து அங்குலத் திரை. இரண்டு ஃப்ளாப்பி டிரைவ்கள். விலை 1,795 டாலர். தையல் யந்திரத்தின் கனமுள்ள அதைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று விளம்பரம் செய்வதற்குத் தைரியம் வேண்டும். ஆனால் அந்தப் பெட்டியின் விசேஷம் தூக்குவதில் இல்லை. வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் என்னும் அட்டவணைக் கணக்கு நிரல், பேஸிக் மொழி ஆகியவற்றையும் அந்த விலைக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்ததில் இருந்தது. தனித்தனியாக வாங்கினால் ஏறக்குறைய யந்திரத்தின் விலைக்கே வந்துவிடக்கூடிய நிரல்கள் அவை. எல்லாம் சி.பி./எம்-இல் ஓடுகிறவையாதலால், யந்திரம் பிறப்பதற்கு முன்பே அதற்கு வேண்டிய நிரல்கள் பிறந்து காத்திருந்தன.

இந்த ஆஸ்பார்ன் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். ரமண மகரிஷியின் வாழ்க்கையையும் உபதேசத்தையும் ஆங்கிலத்தில் எழுதிப் பரப்பிய ஆர்தர் ஆஸ்பார்னின் குமாரர் அவர். 1939-ல் பாங்காக் நகரத்தில் பிறந்தார். தந்தையார் அங்கே பேராசிரியராக இருந்தார். யுத்தத்தின்போது தந்தையார் ஜப்பானியரின் சிறைமுகாமில் அகப்பட்டுக்கொள்ள, தாயாரும் குழந்தைகளும் திருவண்ணாமலையில் ஆசிரமத்தின் அருகே வாழ்ந்தார்கள். கொடைக்கானல் கான்வென்ட் பள்ளியிலும் படித்துவிட்டு, 1950-ல்தான் இங்கிலாந்துக்குப் போனார். ரமணாசிரமத்தில் ஓடியாடிய பிள்ளை கலிபோர்னியாவின் கணிப்பொறிச் சந்தையில் உரக்கக் கூவி விற்கும் வியாபாரியானதைக் கர்மவினை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவருடைய கம்பெனி மளமளவென்று வளர்ந்து, 1983 செப்டம்பரில் மளமளவென்று திவாலாயிற்று. ஆஸ்பார்ன் கடைசிக் காலத்தில் கொடைக்கானலுக்கே திரும்பி வந்து 2003-ல் அங்கே காலமானார்.

இனி, எல்லோரும் சொல்லும் கதைக்கு வருகிறேன். 1980-ல் ஐ.பி.எம். கம்பெனி மேஜைக் கணிப்பொறி ஒன்றை அவசரமாகத் தயாரிக்கத் தீர்மானித்தது. அதற்கு வேண்டிய மொழிகளுக்காக மைக்ரோஸாஃப்ட் கம்பெனியை நாடியவர்கள், இயங்குதளத்தையும் அங்கேயே பெறலாம் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ஆப்பிள் கணிப்பொறியில் சி.பி./எம்-ஐ ஓட்டுவதற்கு உதவும் ஒரு கார்டை அந்த வருஷம் மைக்ரோஸாஃப்ட் கம்பெனியே விற்றுவந்தது. ஆனால் சி.பி./எம். தம்முடையதன்று, கில்டாலுடையது என்று பில் கேட்ஸ் சொல்லி, அவர்களைப் பஸிபிக் குரோவுக்கு அனுப்பினார். ஐ.பி.எம். மனிதர்கள் வந்த அன்று கில்டால் தம் சொந்த விமானத்தில் வானத்தில் உல்லாசமாகத் திரிந்துகொண்டிருந்தார், ஆகவே லோகத்திலேயே பெரிய பேரத்தைக் கோட்டைவிட்டார் என்பது கதை. விமானத்தில் போனது மெய். போனது உல்லாசத்துக்கன்று, ஒரு வாடிக்கைக்காரரைப் பார்த்துக் கையேடுகளைக் கொடுப்பதற்காக. பிற்பகலில் திரும்பிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஒப்பந்தங்களைப் பேசுவது எப்பொழுதும் டாரதியின் காரியம். தங்கள் ரகசியம் எதையும் வெளியிடக்கூடாது, உங்களுடைய ரகசியத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிற தோரணையில் ஐ.பி.எம். நீட்டிய பத்திரத்தில் உடனே கையெழுத்திடாமல் அவர் வக்கீலைக் கலந்தார். எந்தக் குடும்பத் தலைவியும் அதைத்தான் செய்வாள். அதன்பிறகு பேச்சு நடந்தது என்றும், ஒரே தடவையில் ஒரு தொகையைக் கொடுத்துத் தீர்த்துவிடுவோம், விற்கும் பிரதிக்கு இவ்வளவு என்று தர இயலாது என்று ஐ.பி.எம். பிடிவாதம் செய்தது என்றும் தெரிகிறது. அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதில் இருந்தவர்களுக்குள்ளேயே ஒருமைப்பாடு கிடையாது. ஒரு காலை நேரத்து விமானப் பிரயாணம் இவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கிற்று என்பது கேட்பதற்கு ருசியாக இருப்பதால் நீடித்து நிற்கிறது. சரித்திரம் என்று எடுத்துக்கொள்வதற்கு அது தகாது.

விளைவைத் தீர்மானித்த காரணங்கள் வேறு. இன்டெல் 1978-ல் வெளியிட்ட, ஐ.பி.எம்-மும் தேர்ந்தெடுத்த வகையைச் சேர்ந்த 8086 என்னும் புதிய சில்லுக்கேற்ற சி.பி./எம். வெகுநாளாக வரும் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டு வரவில்லை. அந்தச் சில்லை வைத்துப் பலகைகள் செய்து விற்றுவந்த ஸியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு கம்பெனிக்கு இயங்குதளம் இல்லாமல் வியாபாரம் படுத்துவிடும்போல் இருந்தது. அங்கே வேலை பார்த்த டிம் பாட்டர்ஸன் என்னும் இளைஞர் காத்திருந்து அலுத்து, 1980-ல் சில மாதங்களில் தாமே ஒன்றை எழுதிவிட்டார். சி.பி./எம்-க்காக எழுதிய நிரல்களைச் சிரமமில்லாமல் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது நோக்கமாகையால், சேவைகளின் வரிசை எண்கள், கோப்புப் பெயருக்கு எட்டும் மூன்றும், ஏ, பி என்ற டிரைவ் எழுத்துக்கள், அச்சடிக்கும் வாக்கியத்தின் முடிவைக் காட்டும் டாலர் குறி, அழித்த கோப்புக்கு 'ஈ5' என்று கையேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அப்படியே அமைத்தார். தட்டில் இடம் ஒதுக்கும் முறையை மாத்திரம் வேறுவிதமாகச் செய்தார். அது உண்மையிலேயே முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மைக்ரோஸாஃப்ட் 1980 டிசம்பரில் 25,000 டாலருக்கு உரிமம் பெற்று, 1981 ஜூலையில் மேலும் 50,000 டாலர் கொடுத்து அதை முழுதுமாக வாங்கி, ஐ.பி.எம்-க்குக் கொடுத்தது. 1981 ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஐ.பி.எம். பி.சி. வெளிவந்தது.

கில்டால் அதிலிருந்த இயங்குதளத்தைப் பார்த்ததும் தம்முடைய சரக்கின் சாயலைக் கண்டு கொதித்தெழுந்தார். வழக்குத் தொடுப்பதாகச் சொன்னார். நிரலின் உருவத்துக்குப் பதிப்புரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பது அக்காலத்தில் கோர்ட்டுகளே அறியாத விஷயம். ஐ.பி.எம். சமாதானம் பேசி, அவருடைய சி.பி./எம்.-86 என்பதையும் தன் கணிப்பொறியோடு விற்பதாக ஒப்புக்கொண்டது. அவரும் வழக்கில்லை என்று எழுதிக்கொடுத்தார். 1982-ல் அது கடைக்கு வந்தபோது விலைச்சீட்டைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது: மைக்ரோஸாஃப்ட் கொடுத்ததற்கு 40 டாலர், சி.பி./எம்.-86-க்கு 240 டாலர். இரண்டும் ஏறக்குறைய ஒரே காரியத்தைச் செய்யும்போது ஆறு மடங்கு விலை கொடுக்க எந்த மரக்கடைக்காரர் முன்வருவார்? 1983-ல் விலையை 60 டாலராகக் குறைத்தார்கள். அதற்குள் சந்தை போய்விட்டது.

இதில் ஐ.பி.எம். சூழ்ச்சி செய்தது என்பாரும் உண்டு, கில்டால் அசட்டையாக இருந்தார் என்பாரும் உண்டு. எனக்குத் தோன்றுவது இது: ஒரு பிரச்னையைத் தெளிவாகத் தீர்த்துக் காட்டிவிட்டால் தம் வேலை முடிந்தது என்று கருதி அடுத்த பிரச்னைக்குப் போய்விடுவது நல்ல ஆசிரியரின் இயல்பு. சி.பி./எம்-ஐ முடித்தபின் கில்டாலின் மனம் பி.எல்./ஐ. என்ற மொழியின் தொகுப்பான்மீதும், ஒரே கணிப்பொறியைப் பலர் ஏககாலத்தில் உபயோகிக்கும் முறையின்மீதும் சென்றுவிட்டது. 8086-க்கான பதிப்பு தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வியாபாரியோ, விற்ற சரக்கையே இன்னும் எத்தனை பேருக்கு விற்கலாம் என்று பார்ப்பான்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். அவருடைய கம்பெனி 1988-ல் மைக்ரோஸாஃப்ட் இயங்குதளத்தோடு ஒத்துப்போகும் டி.ஆர்.-டாஸ் என்ற இயங்குதளத்தை வெளியிட்டு, நகலின் சந்தையில் மூலத்தை நகல் என்று சொல்லி விற்கவேண்டிய விசித்திர நிலைமைக்கு வந்தது. 1991-ல் நாவெல் கம்பெனி அந்தக் கம்பெனியையே வாங்கிக்கொண்டது. கில்டால் தொலைக்காட்சியில் 'கம்ப்யூட்டர் கிரானிகிள்ஸ்' என்னும் தொடர் நிகழ்ச்சியில் பல வருஷம் தோன்றி, கணிப்பொறிச் சமாசாரங்களைப் பொதுமக்களுக்குப் பொறுமையோடு விளக்கிவந்தார். 1994 ஜூலையில் மாண்டரேயில் தலையில் ஏற்பட்ட காயத்தால் மரணமடைந்தார், வயது 52. ஐ.பி.எம். சந்தையை இழந்ததோடு சி.பி./எம். ஓய்ந்துவிட்டது என்று நினைப்பது தவறு: 1985-ல் இங்கிலாந்தில் ஆம்ஸ்ட்ராட் கம்பெனி வெளியிட்ட பி.ஸி.டபிள்யூ. என்னும் மலிவான எழுத்து யந்திரம் சி.பி./எம். பிளஸ் தட்டோடுதான் விற்பனைக்கு வந்தது. எழுத்தாளர்களும் பாதிரிமார்களும் சங்கக் காரியதரிசிகளும் பல வருஷம் அதை வைத்துக்கொண்டு எழுதினார்கள். 2014-ல், கொட்டகையில் அது முதன்முதலாக ஓடி நாற்பது வருஷம் நிறைந்தபோது, கலிபோர்னியாவிலுள்ள கணிப்பொறி சரித்திர அருங்காட்சியகம் அதன் ஆதிகாலப் பதிப்புகளின் மூல நிரலை வெளியிட்டது. உரிமை எந்தக் கம்பெனியிடமிருந்து எந்தக் கம்பெனிக்குப் போயிற்று என்ற சிக்கல் நெடுநாள் தொடர்ந்து, கடைசியாக 2022-ல் உரிமையாளர் அதை யார் வேண்டுமானாலும் பிரதி செய்யலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்று எழுத்து மூலமாக அறிவித்தார்.